‘எங்கே போறீங்க?’ என்று கேட்கிற வேலை

ரயிலிலிருந்து இறங்குகிறவர்களை அடுத்த வண்டியில் ஏற்றி அனுப்புகிற தொழிலுக்கு முதல் என்று பார்த்தால் ஒரே ஒரு கேள்விதான். அந்த ஒரு கேள்வியைத்தான் நம் ஆட்களிடம் கேட்கக் கூடாது.

நான் ஈப்போ ரயில் நிலையத்தில் வேலை செய்கிறேன். மின்சார ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் வெளியே வரும் வழியில் ஒரு சின்ன கவுண்டர் இருக்கும். அதற்குப் பின்னால் பச்சைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான்தான். வருகிறவருக்கு பஸ் தோதா, வேன் தோதா, டாக்சி தோதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வேன் என்றால் பதிவு செய்து கொடுக்க வேண்டும். பதிவு செய்ய இடம் தெரிய வேண்டும், இடம் தெரிய வேண்டுமானால் “எங்கே போறீங்க?” என்று கேட்டாக வேண்டும். கிளம்புகிறவரைப் பார்த்து அப்படிக் கேட்டால் போகிற காரியம் விளங்காது என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். உங்களையும் அப்படித்தான் வளர்த்திருப்பார்கள்.

கிளினிக்கிலும் வங்கியிலும் போஸ்ட் ஆபீசிலும் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து திட்டு வாங்குகிற சகோதர சகோதரிகளே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். என் கஷ்டத்தையும் கேளுங்கள். நான் சொல்லப்போகிற நாட்களில் எனக்கு முப்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. அம்மா மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். எனக்கும் ஆசைதான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஊரில் உள்ளவர்களின் நல்ல காரியத்துக்கெல்லாம் குறுக்கே நின்று கேள்வி கேட்டால் உன் நல்ல காரியம் எப்படி நடக்கும் என்று அம்மா தினமும் கேட்பார். சம்பளம் வருகிறதே அம்மா என்பேன். சம்பளம் வந்தது, மாப்பிள்ளைதான் வரவில்லை.

முதல் போணி

எங்கள் மேலதிகாரி புவான் ரோஸ்னா, மலாய்க்கார அம்மா. வேலைக்குச் சேர்ந்ததும் அவர்தான் பயிற்சி கொடுத்தார். முதலில் எழுந்து நிற்க வேண்டும், அடுத்து சிரிக்க வேண்டும், சிரித்த முகம் மாறுவதற்குள் கேட்க வேண்டும். மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்று எல்லா மொழியிலும் அந்தக் கேள்வியை எங்களை மனப்பாடம் செய்யவைத்துவிட்டார். அவருக்குத் தமிழில் தெரிந்த ஒரே வாக்கியமும் அதுதான்.

முதல் நாள், முதல் ஆள். பத்து காஜா ஊரிலிருந்து வந்த ஓர் அண்ணன். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, கையில் எலுமிச்சம்பழம். புத்தியுள்ள எவளும் வாயைத் திறந்திருக்க மாட்டாள். எனக்குப் பயிற்சி மட்டும்தான் இருந்தது. எழுந்தேன், சிரித்தேன், கேட்டேன். அவர் அப்படியே நின்றுவிட்டார். போய் பெஞ்சில் உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், கொஞ்ச நேரம் எலுமிச்சம்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுக் கார் எடுக்கப் போகிறவராம், பழம் டயருக்கு அடியில் வைப்பதற்காம். அன்றைக்குக் கார் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டு மறுபடி என்னிடமே வந்து, ஊருக்குத் திரும்பும் ரயில் எந்தப் பக்கம் என்று கேட்டார். காட்டினேன். “கார்ல திரும்பிரலாம்னு ஒரு வழி டிக்கட்தான் எடுத்தேன். ரெண்டாவது டிக்கட்டும் எடுக்க வச்சிட்டியேம்மா” என்றார்.

கிளம்பியாச்சா, இல்லையா?

நடு வழியில் கேட்டால் தோஷம் உண்டா, இல்லையா? இதற்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை. புந்தோங்கில் நிச்சயதார்த்தத்துக்கு வந்த ஒரு தம்பதி என் கவுண்டர் முன்னாலேயே இந்த வழக்கை நடத்தினார்கள். வீட்டிலிருந்து காலையிலேயே கிளம்பியாகிவிட்டது, இந்தப் பொண்ணு இப்போது கேட்டதெல்லாம் கணக்கில் சேராது என்பது புருஷன் கட்சி. இறங்கி வேறு வண்டி ஏறினால் அது புதுக் கிளம்பல்தான் என்பது மனைவி கட்சி. இரண்டு பேருமே நடுவில் என்னைப் பார்த்தார்கள். நான் தொப்பியைச் சரிசெய்தேன்.

வாதம் முடிவதற்குள் வேன் கிளம்பிப் போய்விட்டது. அதற்கும் காரணம் நான் கேட்ட கேள்விதான் என்று அந்த அக்கா தன் கட்சிக்குச் சாட்சி சேர்த்துக்கொண்டார். “வண்டி மாறினா சகுனமும் மாறும்லா. இது கூட தெரியாம இத்தன வருசமா என் கூட எப்படி குடும்பம் நடத்தினீங்க?”

கொஞ்சம் தூரம்

சரி, நாமும் நம் வீட்டு வழக்கப்படியே கேட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். நம் வீடுகளில் ‘எங்கே’ என்று கேட்க மாட்டார்கள், ‘தூரமா?’ என்றுதான் கேட்பார்கள். அது மரியாதை, தோஷமும் இல்லை. மறுநாளிலிருந்து பேரெடுத்த பிள்ளையாக “தூரமாக்கா?” “தூரமாண்ணே?” என்று ஆரம்பித்தேன். எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். “ஆமாம்மா, கொஞ்சம் தூரந்தான்.” அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. மேலே கேட்டால் மரியாதை போச்சு.

பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். வேறு வழியில்லாமல் ஓர் அக்காவுக்கு, இடம் என்கிற கட்டத்தில் அவர் சொன்னதையே தட்டி அனுப்பிவிட்டேன். வண்டியில் ஏறியதும் டிரைவரிடம் சொல்லிக்கொள்வார் என்ற நம்பிக்கைதான். டிரைவர் சுல் நல்ல பையன், மலாய்க்காரன், ஈப்போவில் அவனுக்குத் தெரியாத சந்து கிடையாது. அவன் கேட்டபோதும் அக்கா அதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார். எனக்குப் போன் அடித்து மலாயில் கேட்டான்: “அக்கா, ‘கொஞ்சம் தூரம்’ எந்தத் தாமான் குடியிருப்புக்குப் பக்கத்துல இருக்கு? நான் பொறந்ததே இங்கதான், இந்தப் பேர நான் கேள்விப்பட்டதே இல்லையே.”

பாய் கொடுத்த யோசனை

நிலையத்துக்கு எதிரே ஒரு பாய் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ஓய்வு நேரத்தில் நான் தே தாரிக் குடிப்பதும் புலம்புவதும் அங்கேதான். ஒரு நாள் முழுப் புலம்பலையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: என் கடைப் பையன்கள் யாரையாவது என்ன வேணும் என்று கேட்கிறார்களா பார், இருப்பதை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லுவார்கள், வேண்டியது வரும்போது வந்தவர் தலையாட்டுவார், நீயும் அப்படிச் செய். பாயின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் என்றிருந்தது. அன்றைக்கு மத்தியானமே ஆரம்பித்தேன். புந்தோங், மெங்லெம்பு, பெர்ச்சாம், ஜெலாப்பாங், பெரியாஸ்பத்திரி, பஸ் ஸ்டேஷன். அவரவர் இடம் வந்ததும் அவரவர் தலை ஆடியது. ஒருத்தரும் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கவில்லை. கேள்வியே கேட்காமல் பதில் வாங்குகிற வித்தையைக் கண்டுபிடித்துவிட்டதாக அம்மாவிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

அப்போது எங்கோ காடு எரிந்து புகை ஊரை மூடுகிற புகைமூட்டக் காலம். பாதிப் பேர் முகமூடியோடுதான் வருவார்கள், நானும் போட்டிருந்தேன். தொப்பியும் முகமூடியுமாக ஓர் ஆள் வந்து நின்றார். பட்டியலைச் சொன்னேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். தலை ஆடவில்லை. மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அதையும் முழுக்கக் கேட்டார். மூன்றாவது தடவை மூச்சு வாங்கியது, ஊர்ப் பேர்கள் தீர்ந்துபோய் கோயில் பேர்களுக்கு வந்துவிட்டேன். முடித்ததும் கவுண்டர் மேல் கையூன்றிக்கொண்டு “வேற என்ன இருக்கு?” என்றார். வேன் எதுவும் எடுக்காமல், நேரே நடந்து பாய் கடைக்குப் போய்விட்டார். அன்றைக்கு முழுக்க எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

வாயில்லா ஜீவன்

என் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு தொடுதிரை இயந்திரம் கொண்டுவந்து வைத்தார்கள். நான் கேட்கிற அதே கேள்வியைப் பெரிய பெரிய எழுத்தில் அது நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். என்னைப் பார்த்தால் தண்ணீர் குடிக்கிறவர்கள், அதனிடம் மட்டும் சிரித்த முகத்தோடு, போகிற வீட்டு நம்பர் வரைக்கும் சொன்னார்கள். பொறுக்க முடியாமல், வாராவாரம் வருகிற ஒரு தாப்பா அக்காவிடம் காரணம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அதுக்கு மனசு இல்ல, வாய் இல்ல, கண்ணும் இல்ல. உனக்கு எல்லாமே இருக்குலா, அதான் பயமா இருக்கு.”

தரகர் போட்ட திட்டம்

முதல் சம்பந்தம் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்தது. ஜாதகம் பொருந்தியது, என் மூக்கைப் பற்றிக் கூட யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெண்ணுக்கு என்ன வேலை என்று பையனின் பெரியம்மா கேட்டார். அம்மா மகள் பெருமையில், எழுந்து நிற்பது, சிரிப்பது, கேட்பது என்று எல்லாவற்றையும் நடித்தே காட்டிவிட்டார். பெரியம்மாவின் முகம் சுருங்கியது. எங்கள் பிள்ளை தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புகிறவன், வாய்ப் பழக்கத்தில் இவள் கேட்டுவைத்தால் என்ன செய்வது என்றார். காப்பி ஆறுவதற்குள் சம்பந்தமும் ஆறிவிட்டது.

அடுத்தது மெங்லெம்பு. அவர்களுக்கு யார் மூலமோ விஷயம் முன்கூட்டியே தெரிந்து, வரவே இல்லை. அன்றைக்கு நான் அறைக்குள் போய் அழுதேன். அழுதது மாப்பிள்ளைக்காக இல்லை, அவரை நான் பார்த்தது கூடக் கிடையாது. நாள் முழுக்க வழி காட்டுகிற வேலையில் இருந்துகொண்டு, என் வீட்டுக்கு ஒருத்தர் வழி கண்டுபிடித்து வர முடியவில்லையே என்றுதான். மூன்றாவதாகத் தாப்பாவிலிருந்து ஒன்று வந்தபோது தரகர் அண்ணன் எங்களை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். “ரயில்வேல வேலைன்னு மட்டும் சொல்லுவோம். அங்க என்ன செய்யிறாள்னு கேட்டா, எல்லாருக்கும் பலகாரம் எடுத்து நீட்டிருங்க.”

எனக்கு மட்டும் என்னவாம்

இவ்வளவு சொல்கிற நான் இதையெல்லாம் நம்பாதவள் என்று நீங்கள் நினைத்தால் தப்பு. என் வேலை நிரந்தரமாவதற்கு நேர்காணல் வைத்திருந்தார்கள். காலையில் குளித்து, சாமி கும்பிட்டு, மோட்டார் சைக்கிளை முடுக்கினேன். பக்கத்து வீட்டு மேரி அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, வாய் நிறைய அந்தக் கேள்வியைக் கேட்டார். மோட்டாரை அணைத்தேன். உள்ளே போய் உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். மேரி அக்கா துணி காயப்போட்டு முடித்து உள்ளே போகும்வரை வெளியே வரவில்லை, மறுபடி கேட்டுவைத்தால் என்ன செய்வது?

தாமதமாகப் போய் நின்று புவான் ரோஸ்னாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் வேலையை நிரந்தரமாக்கிவிட்டுத்தான் மலாயில் சொன்னார்: “நீ தெனமும் ஊரையே கேக்கிற. உன்ன ஒருத்தர் ஒரு தடவ கேட்டதுக்கா இவ்வளவு நேரம்?”

பூவும் பழமும்

தாப்பா மாப்பிள்ளை மலைக்கு பஸ் ஓட்டுகிறவர். படத்தில் கோட்டும் டையுமாக, யாரோ கழுத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது போல நின்றார். நான் அனுப்பிய படத்தில் என் முகம் எனக்கே தெரியாத ஒரு நிறத்தில் மின்னியது. சனிக்கிழமை சாயங்காலம் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. காரில் நேரே வீட்டுக்கே வருகிறார்கள் என்பதால் எனக்குக் கவலை இல்லை. மத்தியானத்தோடு கிளம்பிவிடலாம் என்று, கவுண்டரில் எனக்கு மாற்றாக வருகிற ஆயிஷாவிடம் சொல்லிவைத்திருந்தேன். அவள் பிள்ளைக்குக் காய்ச்சல், வரத் தாமதம் ஆகும் என்றாள். அது போதாதென்று புவான் ரோஸ்னா அன்றைக்குப் பார்த்து மேற்பார்வைக்கு வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார். பட்டியல் சொல்ல முடியாது, தூரமா என்று கேட்க முடியாது. அவருக்குத் தெரிந்த அந்த ஒரு தமிழ் வாக்கியம் என் வாயிலிருந்து வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

ரயில் வந்தது. ஓர் அம்மா, கையில் தாம்பாளம், அதில் பூவும் பழமும் வெற்றிலையும். கூட மாமா மாதிரி ஒருத்தர், அவருக்குப் பின்னால் புகைமூட்டத்துக்காக முகமூடி போட்ட ஓர் ஆள். முதுகுக்குப் பின்னால் புவான் செருமினார். எழுந்தேன், முகமூடிக்குள் சிரித்தேன், கேட்டேன். அந்த அம்மா நின்ற இடத்திலேயே நின்றார். பூவும் பழமுமாக நிற்பது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று என்னைக் கேட்டுவிட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வரும் வழியிலேயே கார் கெட்டுப்போனது முதல் தடங்கலாம், நான் இரண்டாவது. அடுத்த ரயிலில் தாப்பாவுக்கே திரும்பிவிடலாம் என்று அவர் அந்த மாமாவிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. யாரோ ஒரு பாவப்பட்ட பெண் எங்கேயோ புடவை கட்டிக்கொண்டு காத்திருப்பாள், அவள் வாழ்க்கையையும் கெடுத்தாயிற்று என்று மனதுக்குள் என்னையே திட்டிக்கொண்டேன்.

பின்னால் நின்ற ஆள் அம்மாவுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார், குனிந்து ஏதோ சமாதானம் சொன்னார். பிறகு கவுண்டருக்கு வந்து, வேறு யாருக்கும் கேட்காத அடங்கிய குரலில் வேன் வேண்டும் என்றார். இடம் என்கிற கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு, அவரே சொல்லட்டும் என்று வாயைத் திறக்காமல் காத்திருந்தேன். அவர் சொன்னார்: “புந்தோங். கோயில் தாண்டி ரெண்டாவது லோரோங், நீல கேட்டு போட்ட வீடு.”

அந்தக் கேட்டுக்குப் போன தீபாவளிக்கு நீலம் அடித்தது நான்தான்.

நீல கேட்டு வீடு

நல்ல வேளையாக ஆயிஷா ஓடிவந்து சேர்ந்தாள். வேனைப் பதிவு செய்தேன், சுல்லைத் தனியாகக் கூப்பிட்டு, மற்றவர்களை எல்லாம் இறக்கிவிட்டு இவர்களைக் கடைசியில் கொண்டுபோய் விடச் சொன்னேன். எவ்வளவு சுற்ற வேண்டும் என்று கேட்டான். கொஞ்சம் தூரம் என்றேன். மோட்டாரை நான் அப்படி ஓட்டியதே கிடையாது. வீட்டுக்குப் போய்ப் புடவையைச் சுற்றிக்கொண்டு, தலையில் தொப்பி பதிந்த தழும்பைப் பூவால் மறைத்து முடிக்கவும் வாசலில் வேன் வந்து நின்றது.

உட்கார்ந்ததும் அந்த அம்மா முதலில் சொன்னதே நிலையத்துக் கதைதான். தொப்பியும் முகமூடியுமாக ஒருத்தி வாய் கூசாமல் கேட்டாள், நான் திரும்பிவிடலாம் என்றேன், மகன்தான் விடவில்லை என்றார். தரகர் அண்ணன் அவசரமாக முறுக்கை எடுத்து நீட்டினார். அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் முடிந்தது. ஆனால் கட்டிக்கொண்டு போன வீட்டில் தினமும் பச்சைச் சட்டையை ஒளித்து வைத்துக்கொண்டு வாழ என்னால் ஆகாது. திட்டு வாங்கினாலும் எனக்கு அந்த வேலை பிடிக்கும், அந்தக் கவுண்டர் பிடிக்கும். பலகாரத் தட்டோடு நின்றபடியே, “அது நான்தாம்மா, அதுதான் என் வேலை” என்று சொல்லிவிட்டேன்.

தரகர் அண்ணன் நீட்டிய முறுக்கைத் தானே கடித்தார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் மாப்பிள்ளை முன்னால் தட்டை நீட்டினேன். பழக்கதோஷம், வாய் தானாகவே ஆரம்பித்தது. கேசரி, முறுக்கு, கறிபாப், உளுந்து வடை. கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். “வேற என்ன இருக்கு?” என்றார்.

அப்போதுதான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். புகைமூட்டத்தில் என்னை மூச்சு வாங்க வைத்துவிட்டுப் பாய் கடைக்கு நடந்து போன அதே குரல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்துவிட்டது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவர் அம்மா கேட்க, அவர் உண்மையைச் சொன்னார். தரகர் வாய் தவறி என் வேலையை அவரிடம் ஏற்கனவே உளறிவிட்டாராம். பெண்ணை ஒரு தடவை நேரில் பார்த்துவிடலாம் என்று வீட்டுக்குத் தெரியாமல் வந்து போயிருக்கிறார், அந்தப் பட்டியலை மூன்று தடவையும் கேட்ட பிறகுதான் அம்மாவிடம் சம்மதம் சொன்னாராம். அந்த அம்மா மகனை முறைத்தார். பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். எங்கள் அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார், எனக்குத் தட்டு கனத்தது. மாப்பிள்ளையின் அம்மா தண்ணீர் கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது, நம் ஆட்கள் எப்போது தண்ணீர் கேட்பார்கள் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் யார்? நிதானமாகக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். “வெளியாளு கேட்டாத்தான் தடங்கல். வீட்டு ஆளு கேட்டா அது விசாரிப்புலா.”

கல்யாணமாகி இப்போது தாப்பாவிலிருந்து தினமும் ரயிலில் வந்து ஊரையெல்லாம் எங்கே போறீங்க என்று கேட்டுச் சம்பளம் வாங்குகிற நான், என் வீட்டுக்காரர் காலையில் கிளம்பும்போது மட்டும் வாயைத் திறப்பதில்லை. சாயங்காலம் தாமதமாக வந்து நிற்கும்போது எங்கே போயிட்டு வாரீங்க என்றுதான் கேட்கிறேன், அதற்கு மட்டும் மனிதர் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார்.